பதினைந்தாம் நாள்

மார்ச் 2

அண்ணிக்கு,

பதினைந்தாம் நாள் அந்தத் தயிருக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. ஒரு வரியில் பதில் போட்டால் நீங்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வீர்கள்.

நடந்ததாக நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். வீடில்லாதவர்கள் வந்து தங்கும் விடுதியில் நீங்கள் சமையலறைப் பொறுப்பாளர். பக்கத்துக் கடைக்காரர், தேதி முடிய ஒரு நாள் இருக்கும் தயிர் டப்பாக்களை விடுதிக்குச் சும்மா தருகிறார். போன மாதம் அவர் வண்டி பழுதாகி இரண்டு நாள் தாமதமாக வந்தது. மூடியில் அச்சிட்ட பதினான்கு நாள் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. நீங்கள் அதை அறுபத்திரண்டு பேருக்குப் பரிமாறினீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி குப்பைக்கூடையில் மூடிகளைப் பார்த்துவிட்டார். சமையலறைக்குப் பூட்டு, உங்களுக்குத் தற்காலிக நீக்கம், ஏப்ரல் ஆறாம் தேதி விசாரணை. அதில் முடிவு பாதகமாக வந்தால் உங்கள் வேலை போகும், சமையலறை, இப்போது வெளியிலிருந்து சாப்பாடு அனுப்பும் ஒப்பந்தக்காரர் கைக்கு நிரந்தரமாகப் போகும்.

மூடியில் எங்கள் தொழிற்சாலைப் பெயர் இருந்ததால் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். விசாரணைக்கு வந்து, 'பதினைந்தாம் நாள் சாப்பிடலாம், ஆபத்தில்லை' என்று ஆய்வகத் தலைவியாக நான் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. சோதிக்காத ஒன்றைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

செய்யக்கூடியது இது. பதினான்கு என்ற எண் எதிலிருந்து வந்தது என்று பழைய கோப்பில் தேடுகிறேன். நாளை புதுத் தயிர் தயாராகிறது. அதில் நாற்பது டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, இருபத்தொன்பது நாள் வரை அளந்து பார்க்கிறேன். வரும் விடை உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 7

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "என்னைக் கேட்டாளா?" என்றார். "கேட்டா, கடைசி வரியில. கொசுறு மாதிரி" என்றேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நம் இருவர் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மனிதர் பேப்பர் படிப்பதில் நிபுணராகிவிட்டார்.

போன் செய்திருக்கலாமே என்று நீ நினைத்திருப்பாய். போனில் நீ 'ம்' என்பாய். அது ஆமாமா இல்லையா என்று நான் அரை நாள் யோசிக்க வேண்டும். எழுத்தில் என்றால் முழு வாக்கியம் எழுதுவாய். எழுதிவிட்டாய். முடியாது என்று.

சரி, அன்று நடந்ததைக் கேள். அதிகாரி மூடிகளைப் பொறுக்கி மேசையில் வரிசையாக அடுக்கினார், சீட்டாட உட்காருபவர் மாதிரி.

"இதை யாரும்மா பரிமாறினது?"

"நான்தான் சார்."

"தேதி பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா குடுத்தீங்க? எந்த முறைல சோதிச்சீங்க?"

"மூக்கு சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதை நான் எப்படிம்மா எழுதுறது?"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறுபத்து மூன்று டப்பா வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து மோந்து, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் மூடி உப்பியிருந்தது, அதைத் திறக்காமலே தூக்கிப் போட்டேன். மீதி எதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்று வேறு எதுவும் இல்லை தெரியுமா? சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கூட இல்லை.

இப்போது ஒப்பந்தக்காரர் பிளாஸ்டிக் பையில் ரொட்டி அனுப்புகிறார். காய்ந்த ரொட்டி. பாதி குப்பைக்குப் போகிறது. அதற்குத் தேதி சரியாக இருப்பதால் அது குற்றமில்லை. எங்கள் விடுதியில் ஒருவர், நாங்கள் மேயர் என்று கூப்பிடுவோம், எல்லோருக்கும் உத்தரவு போடுவார். அவர் வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "குப்பைத்தொட்டியில இருந்து எடுத்துத் தின்னு வளர்ந்தவன்மா நானு. உங்க தயிரைத் தின்னு செத்திருந்தா அது எனக்குக் கௌரவம்." சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகை வந்தது.

சோதிக்காததைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். இந்த வாக்கியத்தின் தாயைப் பிள்ளையை எல்லாம் எனக்குத் தெரியும். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனில் சொன்னாயே, "சாம்பிளை விட்டுட்டு வர முடியாது அண்ணி, இன்னும் மூணு நாள், முடிஞ்சிடும்" என்று. முடிந்துதான் போயிற்று. முடிந்த பிறகு வந்து நின்றாய்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். இனிக் கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

கோப்பில் ஒன்றுமில்லை. 'முந்தைய ஆண்டின்படி' என்று ஒவ்வொரு வருடமும் எழுதியிருக்கிறது. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நோட்டு எண் கிடைத்தது. அது ஆய்வக அலமாரியின் அடித்தட்டில், உடைந்த தராசுக்குக் கீழே இருந்தது. திறந்தேன். என் கையெழுத்து.

எண் எனக்கு முன்னால் இருந்த யாரோ பெரியவர் போட்டது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானே செய்த சோதனை அது. மறந்தும் போயிருக்கிறேன். அதை எப்படி மறந்தேன் என்பது தனி விஷயம், அதற்கும் காரணம் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாளே எல்லாக் கட்டமும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பதினான்கு நாள் வரை தினமும் அளக்க வேண்டும். அதன் பின் மூன்று நாளுக்கு ஒருமுறை: பதினேழு, இருபது, இருபத்து மூன்று, இருபத்தாறு, இருபத்தொன்பது. பதினான்காம் நாளில் இப்படி இருக்கிறது: 'புளிப்பு அளவுக்குள். பூஞ்சை இல்லை. ருசியில் மாற்றமில்லை.' கீழே என் சுருக்கொப்பம். அடுத்த ஐந்து கட்டங்களும் காலி.

பதினான்காம் நாளுக்கு எதிரே தேதி இருக்கிறது. நான் அதை இங்கே எழுதவில்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்று காலை ஒன்பதரைக்கு அண்ணன் போன் செய்தார். அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டால் மூன்று நாள் இடைவெளி கிடைக்கும், மாலை ரயிலில் கிளம்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பதினோராம் நாள் உங்களிடம் 'இன்னும் மூன்று நாள்' என்று சொன்னதற்கு அதுதான் பொருள். பேனாவை மூடி வைத்த நிமிடத்தில் போன் அடித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். ஃப்ரிட்ஜில் என் டப்பாக்கள் இல்லை, யாரோ வெண்ணெய் வைக்க இடம் போதாமல் எடுத்துக் கொட்டியிருந்தார்கள். மேசையில் ஒரு படிவம் கிடந்தது. 'எத்தனை நாள் வரை கெடவில்லை?' என்ற கேள்வி. பதினான்கு என்று எழுதினேன். அது உண்மை. அந்தப் படிவம் அடுத்த மேசைக்குப் போனது. அங்கே 'எத்தனை நாளுக்கு மேல் விற்கக் கூடாது?' என்று வேறொரு படிவம். அவர்கள் என் எண்ணை அதில் எடுத்து எழுதினார்கள். அதிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் போட்டிருக்கிறேன்.

அண்ணி, பதினைந்தாம் நாள் அந்தத் தயிருக்கு என்ன ஆகும் என்று உலகத்தில் யாருமே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் அன்று ரயிலில் இருந்தாள்.

நேற்று முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் வந்து, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 'ம்' என்றேன். நீங்கள் சொன்னது சரி, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

புதிய டப்பாக்களுக்கு இன்று பத்தாம் நாள். மாற்றமில்லை. இந்த முறை பதினைந்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 18

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை. அவரே எடுத்துப் படித்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழை பெய்து கொண்டிருந்தது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். உன்னைப் போல ஒழுங்காக எழுத வராது.

அன்று நீ வந்து வாசலில் நின்றபோது, "கடைசி மூச்சு வரைக்கும் உன்னையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்" என்று சொன்னேன். எல்லோரும் கேட்கச் சொன்னேன். அப்படி அவர் கேட்கவில்லை. முதல் நாள் ராத்திரி ஒரே தடவை, "சின்னவ வராளா?" என்றார். "வேலை இருக்காம் மாமா" என்றேன். "அப்ப முடிச்சிட்டு வரட்டும், தொந்தரவு பண்ணாதே" என்றார். அதற்குப் பிறகு ரேடியோதான் கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று என்னைத் திட்டினார்.

மூன்று நாள் மூத்திரம் அள்ளிய கோபம் எனக்கு. அதை உன் தலையில் இறக்கிவைத்தேன். நீ அதைப் பத்தொன்பது வருடம் சுமப்பாய் என்று நினைக்கவில்லை. நாலு நாள் அழுவாய், பிறகு என்னோடு சண்டை போடுவாய், சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ சண்டையே போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இன்று பதினைந்தாம் நாள் அல்லவா? என்ன ஆயிற்று என்று எழுது.

அண்ணி

*

மார்ச் 27

அண்ணிக்கு,

பதினைந்தாம் நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினேழாம் நாள் ஒன்றும் ஆகவில்லை. இருபதிலும் இல்லை. நேற்று இருபத்து மூன்று: புளிப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னும் அளவுக்குள்தான். ருசி பார்த்த ஆறு பேரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன், வரவில்லை. ரேடியோ பேட்டரி விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

வேறொன்று சொல்ல வேண்டும். போன வாரம் குழியைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலையின் பின்வாசலுக்கு அப்பால் இருக்கிறது. கடைகளில் விற்காமல் திரும்பி வரும் டப்பாக்களை அங்கேதான் நசுக்கிக் கொட்டுகிறார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் போனதில்லை, போக வேண்டிய வேலை இருந்ததில்லை. அங்கே முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒருவர். எல்லோரும் குழிக்காரர் என்கிறார்கள்.

"மேடம், நீங்க லேப் ஆச்சே. வழி தப்பிட்டீங்களா?"

"பாக்க வந்தேன். இன்னிக்கு எத்தனை?"

"எட்டாயிரத்துச் சொச்சம். வாரா வாரம் இவ்ளோதான் மேடம். வெயில் காலத்துல கூடும்."

இயந்திரம் டப்பாவைக் குத்தி, நசுக்கி, பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் தயிரை இன்னொரு பக்கமும் தள்ளுகிறது. தயிர் ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலில் இறங்குகிறது. அந்த வாய்க்காலை என் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போகும், சில காலை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். அக்கரையில் இருக்கும் சாயப்பட்டறைதான் காரணம் என்று நான் இரண்டு முறை புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். பட்டறைக்காரர்கள் வந்து சத்தியம் செய்தார்கள், நான் நம்பவில்லை.

ஒரு வாரக் குழிக்கு ஏறக்குறைய நூற்றைம்பது மாடுகளின் ஒரு நாள் பால். அவற்றுக்கு வைத்த தீவனமும் தண்ணீரும், குளிர்வண்டி எரித்த டீசலும் வேறு. பத்தொன்பது வருடத்துக்குப் பெருக்கினேன். முன்பு உற்பத்தி குறைவு, அதனால் பாதியாக்கினேன். தேதி நீட்டியிருந்தாலும் எல்லாமே விற்றிருக்காது, அதற்கும் கழித்தேன். எப்படிக் கழித்தாலும் இருபது லட்சம் டப்பாவுக்குக் குறையவில்லை. கால்குலேட்டரை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதே எண் வந்தது. இருபது லட்சம் டப்பா, அண்ணி. அதில் என் கையெழுத்தைத் தவிர ஒரு குற்றமும் இல்லை.

குழிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிடாதீங்க மேடம். பதினோரு வருஷமா தினம் நாலஞ்சு எடுத்துட்டுப் போறேன். எம்பொண்ணக் கட்டிக்குடுக்கற வரைக்கும் எங்க வீட்ல தயிர் வாங்கினதே இல்ல" என்றார்.

"எத்தனை நாள் வெச்சிருந்து சாப்பிடுவீங்க?"

"மூணு வாரம் தாராளமா நிக்கும். நாலாவது வாரம் தண்ணி ஊத்திக் குடிச்சிடுவோம். மூடி உப்புனா மட்டும் தொடமாட்டோம்."

நான் ஆறு பேரையும் ஒரு அளவுமானியையும் வைத்துக்கொண்டு நாற்பது டப்பாவில் கண்டுபிடித்ததை அவர் பதினோரு வருடமாக வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மேலாளரிடம் போனேன். நோட்டைக் காட்டினேன்.

"இதை எதுக்கு இப்ப தூக்கிட்டு வந்தீங்க?"

"ஒருத்தங்க கேள்வி கேட்டாங்க."

"பத்தொன்பது வருஷத்துல ஒரு புகார் கிடையாது. ஒருத்தருக்கும் வயித்து வலி கூட வரலை. நல்லா ஓடுற நம்பரை ஏன் மேடம் நோண்டுறீங்க?"

"குழிக்குப் போறது?"

"குழிக்குப் போறது திரும்பி வந்து நம்ம மேல கேஸ் போடாது."

நோட்டு தொழிற்சாலைச் சொத்து, அதில் ஒரு பக்கம் கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். எழுத்தில் தரவில்லை, வாயால் சொன்னார். விசாரணைக்கு வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நான் தைரியசாலி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நாத்தனார்

*

ஏப்ரல் 1

டாக்டரம்மா,

நீ வராதே. எனக்கு இன்னும் நாலு வருடம்தான் வேலை. உனக்கு அதைவிட நிறைய இருக்கிறது, உனக்கென்று வேறு யாரும் இல்லை. என் சமையலறைக்காக உன் ஆய்வகம் போக வேண்டாம். உன் அண்ணனும் இதையே சொல்கிறார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். இதைத் தெரிந்துகொண்டால் நீயே வரமாட்டாய். அன்று பரிமாறியது முதல் தடவை இல்லை.

ஆறு வருடமாகச் செய்கிறேன். கடைக்கார வண்டி எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறது? பதினைந்தாம் நாள், பதினாறாம் நாள், ஒருமுறை பதினெட்டு. தயிர் மட்டும் இல்லை, ரொட்டி, பால், முட்டை. எல்லாவற்றையும் மோந்து பார்ப்பேன். சந்தேகம் வந்தால் முதலில் நான் சாப்பிட்டுவிட்டு ஒரு வேளை காத்திருப்பேன். மூடியைக் கிழித்துத் துண்டு துண்டாக்கித்தான் போடுவேன். அன்று மேயருக்கும் இன்னொருவருக்கும் தட்டுக்காக அடிதடி, விலக்கப் போய்விட்டேன். மூடி முழுசாகக் கூடையில் கிடந்துவிட்டது.

கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பொய் சொல்ல நன்றாக வரும், அது உனக்கே தெரியும். ஆனால் இந்த மாதம் உன் கடிதங்களைப் படித்த பிறகு வாய் வரமாட்டேன் என்கிறது.

நீ எனக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்லாதே. கெட்டுப்போகும் என்று வந்தால் கெட்டுப்போகும் என்றே சொல்.

அண்ணி

*

ஏப்ரல் 5

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நேரமில்லை. நாளை கையில் கொண்டுவருகிறேன்.

ஆறு வருடம் என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பயத்தினாலா என்று யோசித்தேன். ஓரளவு பயம்தான். சந்தேகம் வந்தால் நீங்களே முதலில் சாப்பிட்டுக் காத்திருந்தீர்கள் என்ற வரியைத்தான் தாண்ட முடியவில்லை. நாங்கள் யாரும் இங்கே எதையும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை.

முடிவுகள் இவை. இருபத்தாறாம் நாள் ஆறு பேரில் இரண்டு பேர் புளிக்கிறது என்றார்கள். இருபத்தொன்பதாம் நாள் மூன்று டப்பாவில் ஈஸ்ட் வளர்ந்திருந்தது, ஒன்றில் மூடி உப்பியிருந்தது. அப்படியென்றால் இருபத்து மூன்று நாள் வரை நன்றாக இருந்தது. ஒரே ஒரு நாள் தயாரித்த தயிர், ஒரே பருவம், ஒரே ஃப்ரிட்ஜ். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். உங்கள் அறுபத்திரண்டு டப்பாவைப் பற்றி நாளை கேட்டால், அவை எந்தச் சூட்டில் வந்தன என்று எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அது உங்களுக்கு உதவாமல் போகலாம்.

நோட்டின் இரண்டு பக்கங்களைப் பிரதி எடுத்திருக்கிறேன். பிரதியெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றபோது திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது. என் கையெழுத்தைத்தான் எடுத்தேன்.

நீங்கள் வேலை இழப்பீர்கள் என்றே நினைக்கிறேன். விதியைப் படித்துப் பார்த்தேன், அதில் மூக்குக்கு இடமில்லை.

நாத்தனார்

ஏப்ரல் 6, மாலை

கடிதத்தைக் காலையில் உங்களிடம் கொடுக்கவில்லை. பையிலேயே இருந்துவிட்டது. உங்களை முதலில் விசாரித்து வெளியே அனுப்பிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆகவே உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதை இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.

மூன்று பேர் இருந்தார்கள்: விடுதிச் செயலாளர், சுகாதார அதிகாரி, நிர்வாகக் குழுவில் ஒரு பெண்மணி. அவர் குறிப்பு எடுத்தார். பிரதிகளை மேசையில் வைத்தேன். அதிகாரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினஞ்சாம் நாள் கெட்டுப்போகும்னு இதுல எங்க இருக்கு?"

"இல்லை. பதினஞ்சாம் நாளே அதுல இல்லை."

"ஏன்? இங்க கட்டம் காலியா இருக்கே."

"பதினாலாம் நாள் எங்கப்பா இறந்துட்டார். நான் ஊருக்குப் போயிட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "திரும்பி வந்து முடிக்கலையா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். "இதை வெச்சா இத்தனை வருஷம் தேதி அடிக்கிறாங்க? யாரும் கேக்கவே இல்லையா?"

"ஒருத்தங்க கேட்டாங்க. வெளிய பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க."

பிறகு, புதிய சோதனை பற்றிக் கேட்டார். சொன்னேன். உங்கள் டப்பாக்கள் பற்றிக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். "ஆறு வருஷமா இதைச் செய்யறதா அந்தம்மாவே சொல்லிட்டாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரியும், போன வாரம்தான் தெரியும் என்றேன். செயலாளர் விடுதியின் மருத்துவப் பதிவை எடுத்துவைத்தார். ஆறு வருடத்தில் வயிற்றுக்கோளாறு பதினொன்று. அதில் ஏழு, சாப்பாட்டை ஒப்பந்தக்காரர் எடுத்த இந்த ஒன்றரை மாதத்தில். அதிகாரி அந்த ஏழின் கீழே கோடு போட்டார்.

முடிவை என்னை வைத்துக்கொண்டே சொன்னார்கள். விதி மீறப்பட்டது, அதில் சந்தேகமில்லை. உங்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இனித் தேதி தாண்டிய எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது. சமையலறை மறுபடி உங்களிடம். செயலாளர் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து, உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம் தந்தார்.

அதே குரலில் இன்னொரு காகிதத்தையும் படித்தார். கடைக்காரர் அனுப்பியது. இந்த வம்பு தனக்கு வேண்டாம், இன்று முதல் விடுதிக்கு எதுவும் தருவதாக இல்லை, மிஞ்சியதை எல்லாம் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று இரண்டு வரி. நான் போட்ட பதினான்கால் ஆனது இது என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல்தான் உங்களிடம் சாவியைக் கொடுத்தேன். நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டு, "வா, வெங்காயம் உரிக்க ஆள் வேணும்" என்றீர்கள். உரித்தேன். ஒரு மணி பஸ்ஸில் கிளம்பினேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தொழிற்சாலை வந்தேன். என் மேசையில் ஒரு உறை. ஆவணத்தை வெளியே கொண்டுபோனதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். விசாரணை முடிந்து ஆறு மணி நேரம் கூட ஆகவில்லை. அதை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன்.

லாரி வந்திருந்தது. உங்கள் கடைக்காரரின் தயிர்ப் பெட்டிகள் இரண்டு அதில் இருந்தன, ஓரத்தில் அவர் கடைப் பெயர் ஒட்டியிருந்தது. தேதி நாளை வரை இருக்கிறது. வழக்கப்படி இன்று உங்களிடம் வந்திருக்க வேண்டியவை. குழிக்காரர் முதல் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"அதை வையுங்க. அது ரெண்டும் எனக்கு வேணும்" என்றேன்.

"சாம்பிளுக்கா மேடம்?" என்று சீட்டை நீட்டினார். ஆய்வகத்துக்கு எடுக்கும் எதற்கும் ஒரு சீட்டு உண்டு. எத்தனை என்ற கட்டத்தில் இரண்டு பெட்டி என்று எழுதினேன். எதற்கு என்ற கட்டத்தில் 'சாப்பிட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"இப்படி யாரும் எழுதினதில்லையே மேடம்."

"தெரியும்."

அவரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து தந்தார். பெட்டிகள் ஆய்வக ஃப்ரிட்ஜில், ஐந்து டிகிரியில் இருக்கின்றன. காலை முதல் பஸ்ஸில், பனிக்கட்டியோடு எடுத்துவருகிறேன், மதியச் சாப்பாட்டுக்குள் பரிமாறிவிடலாம். மற்ற எட்டாயிரத்துச் சொச்சமும் நாலு இருபதுக்குக் குழியில் இறங்கியது. நின்று பார்த்தேன்.